ஆம்பல் முறை நேர்ந்துகொண்டவர்

உப்பு வணிகர் நன்னாகர் ஆற்றோரத்து மடத்தில் வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. மடத்தின் குரு உமையாள் அம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவர்தான் சீடர். ஞானத்துக்கு ஏது மூப்பு?

வந்த நாள் முதல் அவர் வாயில் இறைவன் பெயர், கையில் புளியங்கொட்டை. நூறு முறை சொன்னால் ஒரு கொட்டையைப் பானைக்குள் போடுவார். யாராவது பேச்சுக் கொடுத்தால் கையைக் காட்டுவாரே தவிர வாயைத் திறக்க மாட்டார்.

ஒரு விடியற்காலை அவரே அம்மையைத் தேடி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அம்மா, ஆம்பல்ங்கிற எண் எவ்வளவு பெரிசு?"

"கோடியையெல்லாம் தாண்டி எங்கேயோ இருக்கு. ஏன் கேக்குறீங்க?"

"என் வீட்டுக்காரி வடிவு சாகக் கிடந்தா. அவ பிழைச்சா ஆம்பல் முறை உன் பேரைச் சொல்றேன்னு சாமிகிட்ட நேர்ந்துக்கிட்டேன். பிழைச்சுட்டா. சொல்லி முடிச்சுட்டு வர்றேன்னு அவளை விட்டுட்டு இங்க வந்தேன்."

"எவ்வளவுன்னு தெரியாமலா நேர்ந்துக்கிட்டீங்க?"

"பூசாரி அந்தச் சொல்லைச் சொன்னார். பூவோட பேருதானே, கொஞ்சமாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அம்மைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நன்னாகருக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. ஆழம் தெரியாமல் காலை விட்டவர் வேறென்ன செய்வார்?

"நேத்துத்தான் விவரம் தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னார், எத்தனை பிறவி எடுத்தாலும் முடியாதாம். பாதியில விட்டா அவ உசுருக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம். விடாம சொன்னா இனி அவ முகத்தையே பார்க்க முடியாது. அவ்வளவு பெரிய எண்ணுக்கு இத்தனூண்டு பூவோட பேரை யாரும்மா வச்சது? எதுக்கு வச்சாங்க?"

"எனக்கும் தெரியாது. வாங்க, பார்ப்போம்."

மடத்துக்குப் பின்னால் குளம் இருந்தது. கரைக்குக் கரை ஆம்பல் பூத்துக் கிடந்தது.

"எண்ணுங்க" என்றாள் அம்மை.

வணிகருக்கு எண்ணச் சொல்லித்தர வேண்டுமா? விரலை நீட்டி விறுவிறுவென்று எண்ணினார். காற்றில் இலைகள் ஒதுங்கின. மறைந்திருந்த பூக்கள் தலைகாட்டின. "இதுங்க எங்க இருந்துச்சு?" என்று அலுத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார்.

மெல்ல அவர் குரல் தேய்ந்தது. நீட்டிய விரல் அப்படியே நின்றது. அம்மை அவசரப்படுத்தவில்லை. வெயில் ஏறிய பிறகுதான் கேட்டாள்.

"எத்தனை?"

"விட்டுப்போச்சும்மா."

"எங்க விட்டுச்சு?"

நன்னாகர் கூச்சத்தோடு எதிர்க்கரையைக் காட்டினார். "அந்த மூலையில. வடிவு பார்த்திருந்தா இடுப்பளவு தண்ணியில இறங்கிப் பறிச்சிருப்பா. நான் கரையில நின்னு கத்திக்கிட்டு இருப்பேன். அதை நெனச்சேன், எண்ணிக்கை போயிடுச்சு."

"அந்த எண்ணுக்குப் பேர் வச்சவருக்கும் இப்படி ஓர் இடத்துலதான் விட்டுப்போயிருக்கும், ஐயா" என்றாள் அம்மை. "அதுவரைக்கும் எண்ணினதுக்கு ஆம்பல்னு பேர் வச்சுட்டு வீட்டுக்குப் போயிருப்பார்."