நீர் புகும் அறை

கடற்படைத் தலைமையகத்தின் ஆய்வுப் பிரிவு அதிகாரி இளம்பரிதி, ஒரு கேள்வியோடு பயிற்சிப் பள்ளிக்கு வந்தார். பள்ளியை நடத்தும் கமாண்டர் சுகிர்தா அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் இளம்பரிதி ஒரு மாணவனைப் போலவே அவர் எதிரில் உட்கார்ந்தார்.

“நம்ம கடற்படையையும் பக்கத்து நாட்டுக் கடற்படையையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருக்காங்க, மேடம். கப்பல், நீர்மூழ்கி, ஏவுகணை எல்லாம் கணக்கெடுத்துட்டேன். எதை முதல்ல வைக்கிறதுன்னுதான் தெரியலை.”

“நனையத் தயாரா, சார்?”

“தயார்.”

கப்பலின் அடித்தளம் போலக் கட்டிய இரும்பு அறைக்குச் சுகிர்தா அவரை அழைத்துப் போனார். பயிற்சிக்கு வந்த மாலுமிகள் சிலர் உள்ளே நின்றிருந்தார்கள்.

“சுவரில் ஓட்டை விழும். அடைக்கணும். முடியலைன்னா அந்தச் சிவப்புக் கயிற்றை இழுங்க. தண்ணியை நிறுத்திடுவோம்.”

கதவு மூடியது. விளக்கு அணைந்தது. மங்கிய அவசர விளக்கின் ஒளியில் தண்ணீர் பீறிட்டு வந்து இளம்பரிதியைச் சுவரோடு தள்ளியது.

மாலுமிகள் பலகையை ஓட்டையின் மேல் அழுத்தினார்கள். அது பிய்த்துக்கொண்டு போனது. மறுபடி அழுத்தினார்கள். அருளப்பன் என்ற மாலுமியின் கை கிழிந்தது. அவர் பலகையை விடவில்லை. தண்ணீர் இடுப்பைத் தாண்டியது.

இளம்பரிதிக்கு மூச்சு முட்டியது. கை தானாகக் கயிற்றுக்குப் போனது.

“வேண்டாம், சார்,” என்றார் அருளப்பன். “பலகையைத் தாங்குற இந்தக் கட்டைக்குத் தோளால் முட்டுக் கொடுங்க.”

இளம்பரிதி கயிற்றை விட்டுவிட்டு நீந்தாத குறையாக அங்கே போனார். தோளைக் கொடுத்தார். எலும்பு நொறுங்குவது போலிருந்தது. யாரோ கட்டையின் அடியில் மர ஆப்பை அடித்தார்கள். அது நழுவியது. மறுபடி அடித்தார்கள். தண்ணீர் மார்புக்கு வந்தபோது ஆப்பு இறுகியது. பீறிட்ட தண்ணீர் கசிவாகக் குறைந்தது.

இளம்பரிதி ஈரம் சொட்ட வெளியே வந்தார். அருளப்பனுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“புரிஞ்சுது, மேடம். கப்பலை எழுதுறதுக்கு முன்னாடி இவங்களை எழுதணும்.”

“எழுதுங்க,” என்றார் சுகிர்தா. “பக்கத்து நாட்டுலயும் இப்படி நிக்கிறவங்க இருப்பாங்களே, சார். அவங்களை எப்படி எண்ணுவீங்க?”

அடுத்த குழு உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்தக் கேள்வியோடு இளம்பரிதியும் மறுபடி அவர்களோடு போனார்.