சிவப்பாகப் பிறந்த இளவரசன்

முன்னொரு காலத்தில் காரிவேந்தன் என்றொரு அரசன், ஒரு கிண்ணம் பாலைப் பார்ப்பதற்காக அரசவையைக் கூட்டினான். பனிமலை நாட்டு வணிகன் கொண்டுவந்த ஒரு பெட்டி குங்குமப்பூவில் ஒரே ஓர் இழையை அந்தப் பாலில் போட்டார்கள். வெள்ளையில் செந்நிறக் கோடொன்று நெளிந்து இறங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் முழுவதும் பொன்னாகிவிட்டது. அவை மூச்சுவிடவில்லை. தூங்குவதற்கென்றே அவைக்கு வரும் புலவர்கூடக் கண்ணைத் திறந்தார்.

"ஆகா! அரசி கருவுற்றிருக்கிறாள். இதை அவள் குடிக்க, நம் பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டும்!" என்றான் அரசன்.

அரசனும் அரசியும் நல்ல கறுப்பு. அதை நினைவூட்டும் உத்தியோகம் அந்த நாட்டில் யாருக்கும் இல்லை.

அந்தப் பொறுப்பு தம் தலையில் விழுமோ என்று அரண்மனை வைத்தியர் ஆராவமுதப் பண்டிதருக்கு உதறல். இருமலுக்குக் கஷாயம் காய்ச்சத் தெரியும். நிறம் காய்ச்சத் தெரியாது. அதோடு, விகடகவி தத்தனைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"மன்னா, இந்தப் பொறுப்புக்குத் தத்தனைவிடத் தகுந்தவர் யார்? தவறினால் தலையை வாங்கிவிடலாம். பெரிய இழப்பில்லை."

"அப்படியே ஆகட்டும்!"

தத்தன் இருமிக்கொண்டே கழுத்தைத் தடவிப் பார்த்தான். "உத்தரவு, அரசே. பிள்ளை சிவப்பாகப் பிறந்தால் போதுமா?"

"பிறந்தால் போதும்!"

"வேறொன்றும் வேண்டாமே?"

"போதும் என்றோமே!"

மாதங்கள் ஓடின. மருத்துவச்சி இளவரசனைப் பட்டுத் துணியில் ஏந்தி வந்தாள். வீறிட்ட வீறலில் உச்சி முதல் பாதம்வரை செக்கச்செவேல். கோட்டைகளை இடித்த அரசனின் விரலை ஒரு பிஞ்சுக் கை பற்றியது. அவனால் விடுவித்துக்கொள்ள முடியவில்லை. விடுவித்துக்கொள்ளத் தோன்றவும் இல்லை.

பெயர் சூட்டும் நாளுக்குள் சிவப்பு வடிந்து, இளவரசன் நாவற்பழம்போல் பளபளத்தான். பண்டிதர் துள்ளி எழுந்தார்.

"மன்னா, கறுப்பு! எங்கே தத்தன் தலை?"

"இதோ, கழுத்தின்மேல்தான்" என்று தத்தன் முன்னே வந்தான். "பண்டிதரே, பிறந்தபோது என்ன நிறம்?"

"சிவப்பு. பிறந்த பிள்ளை எல்லாம் சிவப்பாகத்தானய்யா இருக்கும்!"

"இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் பூவாவது மிஞ்சியிருக்கும். அரசே, தாங்கள் கேட்டது பிறக்கும்போது மட்டும்தான்."

அரசன் முகம் இறுகியது. "சொற்புரட்டு இருக்கட்டும். அரசி பூவைக் குடித்தாளா, இல்லையா?"

"அரசியாருக்கு வாசனைக்கே குமட்டியது, அரசே. 'நீயே குடித்துத் தொலை' என்றார். அரசியார் ஆணை. பெட்டி முழுவதையும் அடியேனே குடித்தேன்."

அவை மொத்தமும் தத்தனைத் திரும்பிப் பார்த்தது. தோசைக்கல்லுக்கும் அவனுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

"இருமல் நின்றது. நல்ல தூக்கம் வருகிறது. பூவைக் குறை சொல்ல மாட்டேன்" என்றான் தத்தன்.

அரசன் மடியிலிருந்த பிள்ளையைக் குனிந்து பார்த்தான். அதே மூக்கு. அதே நிறம். "நம்மையே உரித்து வைத்திருக்கிறானே!" என்று வியந்தான். பிறகு அவை அதிரச் சிரித்தான்.

தத்தனுக்குப் பொற்கிழியும், இன்னொரு பெட்டி குங்குமப்பூவும் பரிசு. அதைத் தினமும் பாலில் காய்ச்சி ஆற்றிக் கொடுக்கும் பொறுப்பு பண்டிதருக்கு. அதன்பின் தத்தன் நெடுங்காலம் வாழ்ந்தான், அதே கறுப்பாக, ஆனால் இருமலில்லாமல்.