நொண்டியாற்றுப் பாலம் நாடாளுமன்றம் போன கதை

முட்டாள்கள் இல்லாத ஊர் கிடையாது. மற்ற ஊர்க்காரர்கள் அவர்களை வீட்டுக்குள்ளேயே வைத்துச் சோறு போடுவார்கள். எங்கள் மணக்காட்டுத் தொகுதிக்காரர்களுக்குத் தாராள மனசு. இருப்பதிலேயே பெரியவராகப் பார்த்து, மாலை போட்டு, ரயிலேற்றி டெல்லிக்கு அனுப்பிவைத்தோம். அவர்தான் எம்.பி. செவ்வந்திநாதன்.

அவருக்கு உதவியாளர்கள் இரண்டு பேர். வைரவன் யார் எதைச் சொன்னாலும் சொன்னபடி செய்வார். சங்கிலிமுத்து அதை ஏன் செய்ய வேண்டும் என்று விளக்கம் சொல்வார். இந்த இருவரும் கூட இருந்ததால் எம்.பி.க்கு யோசிக்கிற வேலை இல்லாமல் போயிற்று. அதற்கு முன்பு மட்டும் யோசித்தாரா என்று கேட்காதீர்கள்.

மக்களவையில் அவர் வாயைத் திறந்ததே இல்லை. ஒரே ஒருமுறை இருமினார். அதற்குக்கூட மேஜையைத் தட்டினார்கள் என்று வைரவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் அக்கரைப்பட்டி சகாயராணி வந்து கல்லெறிந்தாள். அக்கரைப்பட்டிக்கும் எங்களுக்கும் நடுவில் நொண்டியாறு ஓடுகிறது. அதன் மேல் இருந்த பாலம் நாலு வருஷத்துக்கு முன்னால் விழுந்துவிட்டது. மழைக்காலத்தில் அந்த ஊர் தனித்தீவு. சகாயராணி நேராக எம்.பி. அலுவலகத்துக்கு வந்து மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"ஐயா, போன மழையில மேலத்தெருப் பொண்ணு ஆத்தங்கரையிலயே புள்ளை பெத்தா. எம் மக தேன்மொழிக்கு ஐப்பசியில நாள். தண்ணி வந்துட்டா ஆம்புலன்ஸ் இந்தக் கரையோட நின்னுரும். ஒரு பாலம் போட்டுக் குடுங்க. தொகுதி நிதின்னு ஒண்ணு உங்ககிட்ட இருக்குதாமே?"

"இருக்கும்மா, பத்திரமா இருக்கு," என்றார் செவ்வந்திநாதன். "அதைத் தொட்டா கொறைஞ்சிரும். அதனால தொடவே இல்லை."

"கொறையாம வச்சு என்னய்யா பண்ணப் போறீங்க?"

"உன் குறையை நான் டெல்லியில பேசுறேன். எம்.பி.ன்னா பேசணும். பாலம் கட்டுறது கொத்தனார் வேலை."

சகாயராணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையில் மரியாதை துளியும் இல்லை. எம்.பி. அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

டெல்லிக்குப் போனதும், அவை நடைமுறைகள் எல்லாம் தெரிந்த மூத்த கட்சிக்காரர் ஒருவரிடம் மூவரும் போய்க் கைகட்டி நின்றார்கள். பாவம், அவர் நல்ல மனிதர். விவரமாகச் சொன்னார்: "கேள்வி நேரம் முடிஞ்சதும் வர்ற பூஜ்ய நேரத்துல எழுந்து பேசுங்க. ஆனா அவசரமான விஷயமா இருக்கணும். சமீபத்துல நடந்ததா இருக்கணும். முக்கியமா, பொய் சொல்லக்கூடாது. சபையில பொய் சொன்னா உரிமை மீறல், பதவிக்கே ஆபத்து."

கடைசி வார்த்தை மூவருக்கும் நன்றாகப் புரிந்தது. ஊருக்குத் திரும்பும் ரயிலில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது.

"நம்ம பாலம் எப்பய்யா விழுந்துச்சு?" என்று கேட்டார் எம்.பி.

"நாலு வருஷமாச்சு அண்ணே," என்றார் வைரவன்.

"அப்ப சமீபத்துல நடந்தது இல்லையே."

"இல்லைதான். ஆறிப்போன விஷயம்."

"நேத்து விழுந்துச்சுன்னு சொல்லிட்டா?"

"பொய்யாயிரும். பதவி போயிரும்."

மூவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். எதிர் இருக்கைப் பயணி, யாரோ இறந்துபோய்விட்டார்கள் என்று நினைத்து வாழைப்பழம் கொடுத்தார். வாழைப்பழத்தைத் தின்று முடித்ததும் சங்கிலிமுத்துவுக்கு வழி பிறந்தது.

"அண்ணே, பழைய பாலம் விழுந்தது பழைய விஷயம். புதுப்பாலம் விழுந்தா புது விஷயம். அதுல பொய்யும் இல்லை."

"புதுப்பாலம் இல்லையேடா?"

"கட்டுவோம். கட்டிட்டு இடிப்போம். இடிஞ்ச மறுநாளே நீங்க சபையில எந்திரிச்சு, அக்கரைப்பட்டிக்குப் பாலம் இல்லைன்னு முழங்கலாம்."

செவ்வந்திநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒரு மூளை உனக்குள்ள இருக்கிறது தெரியாம உன்னைச் செருப்புத் தூக்க வச்சிருந்தேனே," என்றார்.

வைரவனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "சாதாரணமா ஒண்ணைக் கட்டிரலாமா அண்ணே?"

"கூடவே கூடாது," என்றார் சங்கிலிமுத்து. "சாதாரணப் பாலம் தினம்தான் விழுது. அதுல என்ன அவசரம் இருக்கு? பலமான பாலம் விழுந்தாத்தான் நாடே திரும்பிப் பார்க்கும்."

நாலு வருஷமாக அழுது புரண்டும் அசையாத தொகுதி நிதி, இடிப்பதற்கு என்றதும் துள்ளி எழுந்து வந்தது. ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு, சிமெண்ட், கம்பி எல்லாம் முழு அளவில் போட்டுக் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அவர் ஆடிப்போய்விட்டார். இத்தனை வருஷத் தொழிலில் வழக்கமாகப் போடுகிற அளவுதான் அவருக்குத் தெரியும். போட வேண்டிய அளவு தெரியாது. "எனக்கு ஒரு பங்கு, உங்களுக்கு ஒரு பங்கு எடுக்க வேண்டாமாய்யா?" என்று தலையைச் சொறிந்தார். "இடிக்கிற பாலத்துல எடுத்தா பாவம்," என்று எம்.பி. கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒப்பந்தக்காரர் வெளியூர் போய், விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொண்டு வந்து வேலையைத் தொடங்கினார்.

ஐப்பசி பிறப்பதற்குள் பாலம் எழுந்து நின்றது. அப்படி ஒரு பாலத்தை எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை. சகாயராணி கைப்பிடிச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள். செவ்வந்திநாதனை அவள் இத்தனை நாள் திட்டியதற்கெல்லாம் சேர்த்து மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

திறப்பு விழாவுக்கு எம்.பி. வந்தார். பின்னாலேயே ஒரு புல்டோசரும் வந்தது. எம்.பி. ரிப்பனை வெட்டினார். கைதட்டல் அடங்கியதும் புல்டோசர் ஓட்டுநரைப் பார்த்து, "ஆரம்பிப்பா," என்றார்.

"எதை ஆரம்பிக்கப் போறீங்க?" என்று குறுக்கே வந்து நின்றாள் சகாயராணி.

சங்கிலிமுத்து பொறுமையாக விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க அவள் முகம் சிவந்தது.

"அதான் பாலம் வந்துருச்சே. அப்புறம் டெல்லியில எதுக்குய்யா பேசணும்?"

"என்னம்மா இப்படிக் கேக்குறே?" என்றார் எம்.பி. அவருக்கு நிஜமாகவே வருத்தம். "உனக்காகத்தானே பேசப் போறேன்? பேச்சு முடிஞ்சதும் அரசாங்கமே பாலம் கட்டிக் குடுக்கும்."

"என்னைக்கு?"

"அது அரசாங்கத்துக்கே தெரியாதும்மா."

"எம் மகளுக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு!"

"பாத்தியா, அவசரமான விஷயம்," என்று வைரவன் சங்கிலிமுத்துவின் காதில் மகிழ்ச்சியோடு சொன்னார்.

சகாயராணி பாலத்தின் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். அதை எழுதினால் இந்தக் கதையை யாரும் அச்சடிக்க மாட்டார்கள். முடிவில் மூச்சு வாங்கிக்கொண்டு, "தள்ளி விட்டுட்டு விழுந்துச்சுன்னு சொல்லுவீங்களா? அது பொய் இல்லையா? தானா விழட்டும், அப்பப் போய்ப் பேசுங்க!" என்று கத்தினாள்.

பொய் என்ற சொல் காதில் விழுந்ததும் மூவருக்கும் டெல்லி மூத்தவர் சொன்னது ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

"அந்தம்மா சொல்றது சரிதான்," என்றார் வைரவன். "நாம இடிச்சா அது இடிச்சதுதான். விழுந்ததா ஆகாது."

"நல்லவேளை, பதவி தப்பிச்சுது," என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார் எம்.பி. புல்டோசர் திரும்பிப் போயிற்று. பாலம் தானாக விழுவதற்காக மூவரும் ஆற்றங்கரையில் காத்திருக்கத் தொடங்கினார்கள். விழும்போது சரியாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பாலத்துக்கு அடியில் நாற்காலி போட்டுக்கொண்டார்கள்.

மழை கொட்டியது. ஆற்றில் வெள்ளம் வந்தது. நாற்காலி மூன்றையும் அது அடித்துக்கொண்டு போயிற்று. பாலம் அசையவில்லை.

அந்த வெள்ளத்துக்கு நடுவில்தான் தேன்மொழிக்கு வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் சைரன் அலற அக்கரைப்பட்டிக்குள் போய் அவளை ஏற்றிக்கொண்டு திரும்பியது. சகாயராணி மகளின் கையைப் பிடித்தபடி உள்ளே இருந்தாள். பாலத்தின் முனையில் மூவரும் நனைந்துகொண்டே, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. வண்டி கடந்து போயிற்று.

"குலுங்குச்சு, நான் பாத்தேன்," என்றார் வைரவன்.

"அது உன் தலைடா," என்றார் எம்.பி. சோகமாக.

ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். செய்தி கேட்ட எம்.பி. ஒரு டப்பா லட்டு அனுப்பி, திரும்பி வரும்போது உறவுக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும்படி சொல்லியனுப்பினார். அவர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். பாலம் சும்மா இருந்தது. பிறகு மணல் லாரியை விட்டுப் பார்த்தார்கள். கரும்பு லாரியை விட்டுப் பார்த்தார்கள். கட்சி மாநாட்டுக்குப் போகிறவர்களைப் பாலத்தின் மேல் நிற்க வைத்துக் குதிக்கச் சொன்னார்கள். ஒப்பந்தக்காரரைப் பிடித்து உலுக்கினால், "நீங்கதானே ஐயா முழுசாப் போடச் சொன்னீங்க," என்று அவர் அழுதார்.

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. பேச ஒரு பாலமும் விழவில்லையே என்று எம்.பி. சாப்பிடாமல் படுத்துவிட்டார். அப்போதுதான் சங்கிலிமுத்து, "அண்ணே, இதுவே அவசரமான விஷயம்தானே? நேத்துக்கூட விழலையே. சமீபத்துல நடந்ததுதானே? ஒரு சொல்கூடப் பொய் இல்லையே?" என்றார்.

பூஜ்ய நேரத்தில் செவ்வந்திநாதன் எழுந்தார். "மதிப்பிற்குரிய சபாநாயகர் அவர்களே, என் தொகுதியில் நொண்டியாற்றின் மேல் உள்ள பாலம் இன்றுவரை விழவில்லை. வெள்ளம் வந்தும் விழவில்லை. லாரி போயும் விழவில்லை. மத்திய அரசு உடனே தலையிட வேண்டும்."

உடனே நாலா பக்கமும் உறுப்பினர்கள் எழுந்தார்கள். எங்கள் தொகுதியில் பாலம் திறப்பதற்கு முன்பே விழுகிறதே, இவருக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை என்று ஒருவர் ஆவேசமாகக் கேட்டார். எதிர்க்கட்சிக்காரர்கள் விசாரணைக் குழு கேட்டு அவையின் மையத்துக்கே வந்துவிட்டார்கள்.

துறை அமைச்சர் எழுந்து கையமர்த்தினார். "உறுப்பினரின் வேதனையை அரசு புரிந்துகொள்கிறது. அந்தப் பாலத்துக்குப் பக்கத்திலேயே மத்திய அரசு தன் செலவில் இன்னொரு பாலம் கட்டித் தரும்," என்றார்.

செவ்வந்திநாதன் கைகூப்பியபடி, "அந்தப் பாலமாவது விழுமா ஐயா?" என்று கேட்டார்.

"நாங்கள் கட்டும் பாலத்தைப் பற்றி உறுப்பினருக்கு அந்தச் சந்தேகமே வேண்டாம்," என்று அமைச்சர் உறுதியளித்தார். அவை முழுவதும் மேஜையைத் தட்டியது.