வரிசையில வச்ச வளையல் பை

ஒரு ஊர்ல ஒரு சொர்ணத்தாயி இருந்தா. எந்த ஊருன்னா, ஆலங்குளம். அங்க சந்தை உண்டு, பஸ் ஸ்டாண்டு உண்டு. ப்ளேனு மட்டும் வானத்துல வெள்ளப் பொட்டு மாதிரி போகும், அண்ணாந்து பாத்துக்கறதோட சரி. ம் சொல்லு, அப்பத்தான் கதை நகரும்.

"ம்."

சொர்ணத்தாயிக்கு ஒரே மக, பேரு வேணி. ஜெர்மனியில வேலை பாக்குற மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்திருந்தாங்க. அப்புறம் வேணி உண்டானா. ஏழாம் மாசம் வளைகாப்பு போடலாம்னா சொர்ணத்தாயிக்கு விசா வரல. எட்டு ரெட்டைப்படை, அதுல போடக் கூடாது. விசா வந்து சேர்ந்தப்போ ஒம்பதாம் மாசம் முடிய மூணே நாள் பாக்கி. அதுக்கப்புறம் பத்து பொறந்துரும், பத்துல வளைகாப்பு கெடையாது. மொத வளையலைப் பெத்தவ கையாலதான் போடணும். வேணி போன்ல, "பரவால்லம்மா, நீ மெதுவா வா"ன்னுதான் சொன்னா. ஆனா சொல்லிட்டுப் போனை வைக்கவே இல்ல. பெத்தவளுக்குத் தெரியாதா?

உடனே சொர்ணத்தாயி சந்தையில ஆறு டசன் கண்ணாடி வளையல் வாங்குனா. பச்சை, செவப்பு, மயில் கழுத்து நெறம். பெட்டியில போட்டா நொறுங்கிரும்னு பழைய வாயில் சேலையில சுத்திச் சுத்தித் தோள் பையில வச்சா. தூக்கினா கிலுங் கிலுங்னு சத்தம்.

நாத்தனா காந்திமதி வந்து எட்டிப் பாத்தா. "ஏ மதினி, தென்காசிக்குப் போகவே ரெண்டு ஆளைத் துணைக்குக் கூப்பிடுவீய. ஒத்தையில ப்ளேன் மாறிப் போகப் போறீயளாக்கும்?"

"போய்த்தான பாக்கணும் காந்தி."

"எறக்கி விட்டா எந்தப் பக்கம்னு கேக்கவாவது வாய் வேணும்லா?"

அது நெசம்தான். வாயிருந்தா வங்காளம் போகலாம்பாங்க. சொர்ணத்தாயிக்கு அந்த வாய்தான் கெடையாது. நாலு பேர் இருந்தா அஞ்சாவதா சேலைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. ஆனா ஒண்ணு உண்டு. ரேஷன் கடை, தண்ணி லாரி, கரண்டு பில்லு, எந்த வரிசையா இருந்தாலும் அவளை அடிச்சுக்க ஆள் கெடையாது. அவ மொறை வரும்போது கார்டு விரிஞ்சிருக்கும், பை வாய் தொறந்திருக்கும், கையில சரியான சில்லறை இருக்கும். கடைக்காரரே, "அக்கா வந்தா காத்தடிச்ச மாதிரி வரிசை போயிரும்"பார். கேக்குறியா?

"ம். அப்புறம்?"

அப்புறம் காலையில மதுரை ஏர்போர்ட்டு. அவளுக்கு முன்னால கோட்டு போட்ட ஒருத்தர். பாஸ்போர்ட்டு எங்கேன்னு கேட்டதும் பைக்குள்ள கையை விட்டுத் துழாவுறார், துழாவுறார், சீப்பு வருது, சாக்ஸு வருது, பாஸ்போர்ட்டு வரல. பின்னால சொர்ணத்தாயி எப்படி நின்னா தெரியுமா? பாஸ்போர்ட்டுல படம் இருக்கிற பக்கத்துல ஒரு வெரல், விசா பக்கத்துல ஒரு வெரல், நடுவுல டிக்கெட்டு. நீட்டுனா, டக்கு டக்குனு முத்திரை விழுந்துச்சு. ஆபீசரு அவளை நிமிர்ந்து பாத்து, "எல்லாரும் இப்படி வந்தா நான் மத்தியானமே வீட்டுக்குப் போயிருவேன்மா"ன்னார்.

ஆனா அடுத்தது ஒரு வாசப்படி. அதுக்குள்ள நுழைஞ்சா உடம்புல இரும்பு இருக்கான்னு பாக்கும். சொர்ணத்தாயி நுழைஞ்சா, கீய்ங்! திரும்ப நுழைஞ்சா, கீய்ங்! ஒரு போலீஸ்காரம்மா திரைக்குப் பின்னால கூட்டிட்டுப் போயி, "என்னக்கா வச்சிருக்கீங்க?"ன்னா. சொர்ணத்தாயி கழுத்துல கையை விட்டா. மெல்லத் தாலிக்கொடியை வெளிய எடுத்தா. அதுல வரிசையா ஏழு ஊக்கு. போலீஸ்காரம்மா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. "எங்கிட்ட நாலு இருக்கு. வீட்டுலயே கழட்டி வச்சுட்டு வந்துருவேன்"னா. அப்புறம் ரெண்டு பேருமா ஏழு ஊக்கையும் கழட்டுனாங்க. மொத கண்டம் தாண்டியாச்சு.

"ப்ளேன்ல பயந்தாளா?"

பயந்தா. கண்ணை மூடிக்கிட்டா. ஊய்ங்னு ஏறி, கண்ணைத் தொறந்தா மேகம் காலுக்குக் கீழ கெடக்கு. அப்புறம் எறங்குனா ஒரு பாலைவனத்து ஊரு. அங்கதான் ப்ளேன் மாறணும்.

அந்த ஏர்போர்ட்டு இருக்கே, நம்ம ஆலங்குளம், பாவூர்சத்திரம் ரெண்டையும் தூக்கி உள்ள வச்சாலும் இடம் மிஞ்சும். தரை கண்ணாடி மாதிரி. சில எடத்துல தரையே நகருது, சர்ருன்னு ஆளைக் கொண்டுபோகுது. ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குப் புரியல. சொர்ணத்தாயி ஒரு தூணுக்குப் பக்கத்துல நின்னா. எப்படிக் கேப்பா? வாயும் கெடையாது, பாஷையும் கெடையாது. நேரமோ ஓடுது. இந்த ப்ளேனை விட்டா அடுத்தது ரெண்டு நாள் கழிச்சு. அப்போ பத்தாம் மாசம்.

கொஞ்ச நேரம் யோசிச்சா. டிக்கெட்டைக் கையில பிடிச்சு, வாசல் நம்பரு மேல வெரலை வச்சு, துடைப்பம் வச்சிருந்த ஒரு ஆள்கிட்ட நீட்டுனா, அவ்வளவுதான். அவரு ஒரு பக்கம் கையைக் காட்டுனார். சரின்னு ஓடிரல. அடுத்து ஒரு கடைக்காரப் பொண்ணுகிட்ட நீட்டுனா. அவ வேற பக்கம் காட்டுனா. மூணாவதா சக்கர நாற்காலி தள்ளிட்டுப் போன ஆள்கிட்ட நீட்டுனா. அவரு துடைப்பக்காரர் காட்டுன பக்கமே காட்டுனார். மூணு பேர்ல ரெண்டு வெரல் ஒரே பக்கம்னா அதுதான் வழி. திருப்பத்துக்குத் திருப்பம் அப்படியே மூணு மூணு பேரு. வாயே தொறக்காம, படி ஏறி, தரையோட நகந்து, குட்டி ரயில்ல டடக் டடக்குனு போயி, சரியான வாசலுக்கு வந்து நின்னுட்டா. எவ்வளவு கெட்டிக்காரி பாரு. ரெண்டாவது கண்டமும் போச்சு.

"ம்..."

வாசல் இன்னும் தொறக்கல. ஆனா வரிசை நின்னுருச்சு. இவளும் நின்னா. நின்னு நின்னு காலு ரெண்டும் இட்லி மாதிரி உப்பிருச்சு. பத்தடி தள்ளி ஒரு நாற்காலி காலியா இருக்கு. அப்போ சொர்ணத்தாயி என்ன பண்ணுனா, நம்ம ரேஷன் கடையில பண்ணுவோம்ல, அதைப் பண்ணுனா. பையை அவ நின்ன எடத்துல வச்சா. பை நின்னா ஆளு நின்ன மாதிரிதான? பின்னால நெட்டையா ஒரு அம்மா, கறுகறுன்னு அழகா, தலையில ஊதாத் துணி கட்டியிருந்தாங்க. சொர்ணத்தாயி பையைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, எடத்தைக் காட்டுனா. பாத்துக்கோங்கன்னு அர்த்தம். அந்த அம்மா தலையாட்டுனாங்க. இவ போயி உக்காந்தா.

ஐயோ, ஏர்போர்ட்டுல ஆளில்லாம பை நின்னா என்ன நெனைப்பாங்க? உள்ள வெடி இருக்குமோன்னு நெனைப்பாங்க. அது அவளுக்குத் தெரியாதே. ரெண்டு காவல்காரங்க வந்தாங்க. வயர்லெஸ்ஸு கர்ர் கர்ர்ங்குது. ஊதாத் துணி அம்மா ஏதோ சொல்லச் சொல்ல, எல்லாரையும் பின்னால தள்ளி, சுத்திக் கயிறு கட்டிட்டாங்க. நடுவுல பை மட்டும். ஒரு நாயி வந்து மூசு மூசுன்னு மோந்து பாக்குது.

சொர்ணத்தாயிக்கு அப்பத்தான் வெளங்குச்சு. பேசாம இருந்தா அந்த அம்மாவைத் தவிர யாருக்கும் அவளைத் தெரியாது, ப்ளேன் ஏறிப் போயிரலாம். ஆனா வேணி கைக்கு என்னத்தைப் போடுவா? எந்திரிச்சா. நூறு பேரு பாக்குறாங்க. நாலு பேருக்கே கூசுறவ கையைத் தூக்கி, தமிழ்லயே, நல்லாக் கேக்குற மாதிரி சொன்னா: "அது எம் பை. நாந்தான் வச்சேன்."

ஒரு ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு பொம்பளை ஆபீசரு சேலையைப் பிரிக்குறா. சுத்துச் சுத்தா வளையல். கிலுங்... கிலுங்... எதுக்கு இவ்வளவுன்னு கையால கேட்டா. வெளிய மைக்குல ப்ளேனுக்குக் கூப்பிடுறது கேக்குது. சொர்ணத்தாயி அழல. செல்போனை எடுத்து, வேணி நெறவயித்தோட நிக்கிற படத்தைக் காட்டுனா. தன் கைக்கு ஒரு வளையலைப் போட்டு, படத்துல வயித்துக்கிட்ட கொண்டுபோயி மெல்ல ஆட்டுனா. உள்ள இருக்கிற பிள்ளை கேக்குமாம்னு காதைத் தொட்டுக் காட்டுனா. ஆபீசரு படத்தைப் பாத்தா, இவளைப் பாத்தா. இனிமே பையைத் தனியா விடாதேன்னு வெரலை ஆட்டுனா. அப்புறம் சேலையோட ஒரு முனையை அவளே பிடிச்சுக்கிட்டா, சுத்திக் கட்டுறதுக்கு.

சொர்ணத்தாயி ஓடுனா பாரு, தடதடதடன்னு. வாசலுக்கு வந்தா வரிசையே இல்ல. எல்லாரும் ஏறிட்டாங்க. கதவுகிட்ட ஒரே ஒரு ஆளு. ஊதாத் துணி கட்டின அந்த அம்மா.

"அவங்க போகலயா?"

போகல. கதவுக்காரன் உள்ள வாங்க, உள்ள வாங்கன்னு கூப்பிடுறான். அந்த அம்மா தனக்கு முன்னால இருந்த காலி எடத்தைக் காட்டி, ம்ஹூம்னு தலையை ஆட்டிக்கிட்டு நிக்கிறாங்க. இது ஒருத்தியோட எடம், அவ வரட்டும்னு. பையைத்தான் தூக்கிட்டுப் போயிட்டாங்க, எடத்தை அந்த அம்மா விடல.

சொர்ணத்தாயி தன் எடத்துல வந்து நின்னா. பாஸ்போர்ட்டு விரிஞ்சே இருந்துச்சு. டக்குனு சீட்டைக் கிழிச்சுக் கொடுத்தான். ப்ளேனுக்குள்ள உக்காந்ததும் ரெண்டு பச்சை வளையலை எடுத்து அந்த அம்மாவுக்குக் கொடுத்தா. கை பெருசு, வளையல் கணுவைத் தாண்டல. அந்த அம்மா சிரிச்சுக்கிட்டே தலைத்துணி முனையில ரெண்டையும் முடிஞ்சுக்கிட்டாங்க. தலை அசையுறப்பல்லாம் கிணிங் கிணிங்.

அப்புறம் என்ன. மறுநாள் ஒம்பதாம் மாசத்தோட கடைசி நாள். அங்க வெளிய பனி கொட்டுது. வேணி மணையில உக்காந்திருக்கா. சொர்ணத்தாயி மகளோட வெரலை ஒண்ணா மடக்கி, மொத வளையலை நோகாம ஏத்துனா.

"ஒத்தையில வர ரொம்பச் செரமப்பட்டியாம்மா?"ன்னு வேணி கேட்டா.

"செரமம் என்னட்டி. நல்ல சனங்க. வரிசையில நின்னேன், வந்துட்டேன்."

அப்போ வேணி கையை ஆட்டுனா, கிலுங்னுச்சு. வயித்துக்குள்ள இருந்த பிள்ளை கேட்டுட்டுப் பதிலுக்கு ஒரு உதை விட்டுச்சு.

ம் சொல்லு. ...ம் காணோமே. சரி, கதை தரை எறங்கிருச்சு. நீயும் கண்ணை மூடி எறங்கிக்கோ, தங்கம்.