பீர்க்கங்கொடி மேல் ஒரு ராஜத் துரோக வழக்கு

ஒரு பூசணிக்காயை வீடு கொண்டுவந்து சேர்க்க இரண்டு ஜோடி மாடு தேவைப்பட்ட காலம் அது. முற்றிய கத்தரிக்காயைக் குடைந்து, மழைக்கு ஆட்டுக்குட்டியை உள்ளே கட்டுவார்கள். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நம்புகிறவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் காலத்தில் தும்பை நாடு என்று ஒரு நாடு. அதை ஆண்டவன் செங்கோடபூபதி ராஜா.

அரண்மனை மணி காதில் விழும் தூரத்தில், கடைசித் தெருவில், சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரு பசு, ஆறு கோழி, கருமலை என்று ஒரு புருஷன். இவை எல்லாவற்றுக்கும் மேலே, கூரை முழுக்கப் படர்ந்த ஒரு பீர்க்கங்கொடி.

பீர்க்கம்பூ பகலில் மலராது. பொழுது சாய்கிற நேரம் பார்த்து, யாரோ விளக்கேற்றிய மாதிரி மஞ்சள் மஞ்சளாக விரியும். வானம் மூடிக் கிடக்கும் நாளிலும் அதற்கு நேரம் தப்பாது. "சடைச்சி கூரை மஞ்சளாயிருச்சு, உலையை வையுங்கடி!" என்று தெருவே குரல் கொடுக்கும். கோழிகள் தாமாகப் பஞ்சாரக் கூடைக்குள் நுழையும். மேயப்போன பசு கன்றை நினைத்துக் கத்திக்கொண்டு வரும். கருமலை வாய்க்காலில் மண்வெட்டியைக் கழுவிவிட்டு வருவான். கூரைக்குக் கீழே உட்கார்ந்து இருவரும் சூடாகச் சாப்பிடுவார்கள்.

"ஏ புள்ள, இது ராசாவுக்குக்கூட வாய்க்காது" என்பான் கருமலை தினமும்.

"உனக்கு நான் போடுற மாதிரி மூணு தடவை சோறு போட ராசாவுக்கு ஆள் வேணாமா?" என்பாள் சடைச்சி.

கருமலை சும்மா சொன்ன பேச்சுதான். ஆனால் அது உண்மையாக இருந்தது. ராஜாவுக்கு மூன்று மாதமாகப் பசியே இல்லை.

ஏன் இல்லை? அதற்குத் தாண்டவராயக் கணக்கரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்தான் அரண்மனையின் நாழிகைக் கணக்கர். அடியில் ஊசித் துளை போட்ட செப்பு வட்டில் ஒன்றைத் தண்ணீரில் மிதக்க விடுவார். துளை வழியாக நீர் ஏறி வட்டில் முழுகினால் ஒரு நாழிகை. சூரியன் தலைகாட்டியதும் முதல் முறை மிதக்க விட்டால், பதினைந்தாம் தடவை முழுகும்போது உச்சிவேளை மணி. முப்பதாம் தடவை அந்திமணி. மணி அடித்தால் ராஜா சாப்பிட வேண்டும். அது அரண்மனைச் சட்டம்.

கணக்கருக்கு அந்த வட்டில் என்றால் உயிர். பொண்டாட்டி முகத்தைப் பார்த்த நேரத்தைவிட அதில் தன் முகத்தைப் பார்த்த நேரம் அதிகம். காலை, பகல், மாலை மூன்று வேளையும் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்ப்பார்.

இந்த மூன்று மாதமாக உச்சிவேளை மணி, இட்லி வயிற்றுக்குள் இறங்குவதற்குள் அடித்தது. அந்திமணி மண்டையைப் பிளக்கும் வெயிலில் அடித்தது. "பொழுது இன்னும் சாயலையே?" என்று ஒரு மந்திரி தயங்கிக் கேட்டார். "வட்டில் சரியாகத்தான் இருக்கிறது. நம் நாட்டுச் சூரியனுக்குச் சோம்பல்" என்றார் கணக்கர். சூரியனுக்கு எச்சரிக்கை ஓலை அனுப்புவதாகவும் முடிவானது. கொண்டுபோக ஆள்தான் கிடைக்கவில்லை.

சூரியன் கைக்கு எட்டாது. எட்டுகிறதைப் பிடிப்போம் என்று சேவகர்களை ஊருக்குள் அனுப்பினார் கணக்கர். அந்திமணி அடித்தபின் அடைவது, வீடு திரும்புவது, பூப்பது என்று தன் அந்தி வேலையைச் செய்யாத எதுவும் ராஜத் துரோகி.

முதலில் சடைச்சி வீட்டுக் கோழி. ஏழு சேவகர்கள் ஆறு கோழியை விரட்டினார்கள். வேலி சாய்ந்தது, மண்பானை உடைந்தது. கடைசியில் பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இரண்டு கோழியும் ஒரு சேவகனும் இருந்தார்கள்.

அடுத்து பசு. மேய்ச்சலிலிருந்து நடுவெயிலில் இழுத்துவந்து கட்டினார்கள். பால் கறக்க உட்கார்ந்த சேவகன் எழுந்தது பக்கத்து வயலில்.

மூன்றாவது, பீர்க்கங்கொடி. சங்கு ஊதினார்கள். அதட்டினார்கள். வாளை உருவிக் காட்டினார்கள். ஒரு மொட்டுகூட அசையவில்லை.

கணக்கருக்கு மீசை துடித்தது. "இன்றிலிருந்து மூன்றாம் நாள் அந்திமணி அடிக்கும்போது இது பூத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கொடியை வேரோடு பிடுங்கி, தோட்டத்தை உழுது, வளர்த்தவர்களை ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிடுவோம்!"

சடைச்சி முதல் நாள் கொடியிடம் கெஞ்சினாள். "என் தங்கமே, ஒரே ஒரு நாள் மட்டும் மணி அடிக்கையில பூத்துக் காட்டேன்." இரண்டாம் நாள் திட்டினாள். "எருவைத் தின்னத் தெரியுது, ஒரு உதவி செய்யத் தெரியலையே உனக்கு!" அன்றும் அது பொழுது சாய்ந்துதான் பூத்தது. கருமலை சட்டி பானையை மூட்டை கட்ட ஆரம்பித்தான்.

"அவிழ்த்து வையுய்யா" என்றாள் சடைச்சி. மூன்றாம் நாள் காலையில் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு நேரே அரண்மனைக்குப் போனாள்.

வெயில் இன்னும் ஏறவே இல்லை. அதற்குள் அங்கே உச்சிவேளை விருந்து. ராஜா வாழையிலையைப் பார்த்தபடி, கசாயம் குடித்தவன் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே கசாயமும் இருந்தது, மூன்று விதமாக. சடைச்சி இலையைப் பார்த்தாள், ராஜா முகத்தைப் பார்த்தாள், சன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"மகாராசா, விசாரிக்காம தண்டனை கொடுக்கலாமுங்களா?"

"குற்றவாளியை அழைத்து வா, விசாரிப்போம்" என்றார் ராஜா.

"வர முடியாதுங்க. காலு மண்ணுக்குள்ள இருக்கு."

சபை சிரித்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு ராஜாவும் சிரித்தார். "சரி, நானே வருகிறேன்."

"வாங்க சாமி. ஆனா எங்க தெருவுல ஒரு வழக்கம். பஞ்சாயத்து முடியிறவரைக்கும் தீர்ப்பு சொல்றவரு வாயில ஒரு பருக்கைகூடப் படக்கூடாது."

ராஜா துள்ளி எழுந்தார். "கேட்டீர்களா? இலையை எடுங்கள்! கசாயத்தையும்!"

பரிவாரத்தோடு ராஜா சடைச்சி தோட்டத்துக்கு வந்து, கிரீடத்தைக் கழற்றி வைக்கோல்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கணக்கர் வட்டிலையும் தண்ணீர் அண்டாவையும் மணியையும் தூக்கிவரச் செய்திருந்தார். முப்பதாம் தடவையும் வட்டில் முழுகியது. மணி அடித்தது. ராஜாவின் நிழல் இன்னும் ஒரு முழம்கூட நீளவில்லை. கொடியில் ஒரு மஞ்சள் புள்ளி இல்லை.

"பிடுங்குங்கள்!" என்று கத்தினார் கணக்கர்.

"இருங்க சாமி. என் பக்கத்துச் சாட்சி இன்னும் வரலை. வர்றவரைக்கும் மகாராசாவுக்குப் பொழுது போகணுமே. இந்தக் கத்தரிப் பாத்திக்கு நாலு குடம் தண்ணி ஊத்துறீங்களா?"

மந்திரிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ராஜா அதற்குள் கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு குடம் நாற்பதாயிற்று. குளிர்ந்த மண்ணில் கால் புதைந்தபோது சின்னப்பிள்ளை மாதிரி கெக்கலித்தார். கன்று வந்து அவர் மார்புச் சந்தனம் முழுவதையும் நக்கித் தீர்த்தது. ஒரு கோழி கிரீடத்துக்குள் ஏறி உட்கார்ந்து, முட்டையிட்டுவிட்டு ஊருக்கெல்லாம் சொன்னது.

மெல்ல வெயில் தணிந்தது. நிழல் நீண்டது. முதல் கோழி தானாகப் பஞ்சாரத்துக்குள் போனது. பின்னாலேயே மற்ற ஐந்தும் போயின.

"முதல் சாட்சி" என்றாள் சடைச்சி.

பசு "அம்மா" என்று கத்திக்கொண்டு வேலிக்குள் வந்தது.

"ரெண்டாவது சாட்சி."

கூரையில் ஒரு மொட்டு விரிந்தது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. "உலையை வையுங்கடி!" என்று தெருவில் குரல் கேட்டது. சடைச்சி வீட்டு அடுப்பிலிருந்து பீர்க்கங்காய்க் கூட்டின் வாசனை வந்தது.

அப்போது எங்கிருந்தோ ஒரு இடி இடித்தது. குதிரைகள் மிரண்டன. ஒரு சேவகன் போர் வந்துவிட்டது என்று மரத்தில் ஏறிவிட்டான். இடித்தது வானம் இல்லை, ராஜாவின் வயிறு.

"அதுதான் மகாராசா மூணாவது சாட்சி" என்றாள் சடைச்சி. "கோழி, மாடு, பூவு, உங்க வயிறு, எல்லாம் இப்பத்தான் அந்தின்னு சொல்லுது. அது ஒண்ணுதான் வேற சொல்லுது."

எல்லோரும் வட்டிலைப் பார்த்தார்கள். அது தங்கம் மாதிரி மின்னியது.

"கணக்கரய்யா, இதை யாரு விளக்குறது?"

"நானேதான்!" கணக்கர் நெஞ்சை நிமிர்த்தினார். "மூன்று வேளையும். வெளியே மட்டுமா? துளைக்குள் அழுக்கு தங்கலாமா? ஈர்க்குச்சியில் துணி சுற்றி, செங்கல்பொடி தொட்டுக் குடைந்து குடைந்து..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். சடைச்சி வட்டிலை வாங்கித் துளைக்குள் தன் சுண்டுவிரலை விட்டாள். அது மறுபக்கம் வந்து தலையாட்டியது. ஊசித் துளையில் ஒரு நாழிகையாக ஏறவேண்டிய தண்ணீர், சந்தைக்கூட்டம் மாதிரி இடித்துக்கொண்டு ஏறினால் பொழுது ஓடாமல் என்ன செய்யும்?

"கொடி குற்றம் செய்யவில்லை. தீர்ப்பு முடிந்தது. சோறு எங்கே?" என்று ஒரே மூச்சில் சொன்னார் ராஜா. சொல்லிவிட்டுத் தரையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு சட்டிச் சோறு, ஒரு சட்டிக் கூட்டு, கிரீடத்தில் இருந்த முட்டை, எல்லாம் காலி. கருமலைக்கு மிஞ்சியது அடிச்சட்டிதான்.

"ஏ புள்ள, வாயை வச்சுக்கிட்டு நான் சும்மா இருந்திருக்கணும்" என்றான் அவன்.

கணக்கருக்கு ராஜா ஒரு தண்டனைதான் கொடுத்தார். இனி தினமும் சடைச்சி வீட்டுக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, பூ விரிந்ததும் அந்திமணி அடிக்க வேண்டும். இரண்டு நாள் ஒழுங்காக அடித்தார். மூன்றாம் நாள் அவர் ஏணி போட்டு ஏறி, கையில் புளியோடு ஒரு பீர்க்கங்காயைத் தேய்த்துக்கொண்டிருந்ததைச் சடைச்சி பார்த்துவிட்டாள். அவர் ஏணியிலிருந்து இறங்கிய வேகத்துக்கு எந்த வட்டிலிலும் கணக்கு இல்லை.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: கருவி சொல்வதை மட்டும் நம்பிக் கண்ணெதிரே இருப்பதைக் குற்றவாளி ஆக்குகிறவன், பசிக்காதபோது விருந்தும் விருந்துக்குப் பின் கசாயமுமாகத் திண்டாடுவான்.