சங்குத்துறையில் ஒரு பகல்

குறிச்சிமலை ஆசிரமத்தில் இளம் சீடன் இசக்கி இறந்துபோனான். மலைக்காய்ச்சல். அடக்கம் முடிந்த மறுநாள் சிவகாமி அம்மை தெய்வநாயகத்தைக் கூப்பிட்டார்.

அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடரான தெய்வநாயகம் அவரைவிட மூத்தவர். ஆனாலும் மனசில் ஏதாவது குழப்பம் என்றால் அவர் போய் நிற்பது அம்மையின் முன்னால்தான்.

"சங்குத்துறைக்குப் போய்வர வேண்டும். இசக்கியின் தாயார் அங்கே இருக்கிறாள். பூரணத்தாய் என்று பெயர். செய்தியைச் சொல்லிவிட்டு வாருங்கள்."

"கடிதம் போட்டால்..."

"யாராவது அதைப் படித்துச் சொல்ல வேண்டும். அந்த யாராவது நீங்களாகவே இருங்கள்."

தெய்வநாயகம் தலையாட்டினார். ஆனால் போகாமல் நின்றார்.

"இன்னும் என்ன?"

"அம்மா, நான் இதுவரை கடலையே பார்த்ததில்லை. போகிற இடத்தில் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாமா? தப்பில்லையே?"

"கண்ணை இங்கே வைத்துவிட்டா போகப் போகிறீர்கள்?"

அது சம்மதமா கண்டிப்பா என்று அவருக்குப் புரியவில்லை. பஸ்ஸில் போகும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

சங்குத்துறையில் இறங்கியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. டீக்கடையில் விசாரித்தார். பூரணத்தாயின் வீடு வலது பக்கத்துச் சந்தில் இருந்தது. கடற்கரைக்கு இடது பக்கம் போக வேண்டும்.

செய்தியைச் சொன்ன பிறகு கடல் பார்க்க மனசு வராது. வந்தாலும் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இப்போதே பார்த்துவிட்டால் ஆயிற்று. அவர் இடது பக்கம் திரும்பினார்.

பெரிய ஏரி மாதிரி இருக்கும் என்றுதான் நினைத்திருந்தார். இதற்கு அக்கரையே இல்லை. அலை வந்து காலடி மணலை உருவிக்கொண்டு போனது. தள்ளாடினார். சிரிப்பு வந்தது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார்.

"சாமிக்கு இதான் மொதத் தடவையா?"

திரும்பிப் பார்த்தார். மணலில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி எழுந்து வந்திருந்தாள்.

"காவி வேட்டியப் பாத்ததும் ஓடியாந்தேன். எந்த மடம் சாமி?"

"குறிச்சிமலை."

"ஐயோ! எம்மவன் அங்கதான இருக்கான். இசக்கி. தெரியுமா சாமி இசக்கிய?"

காலடியில் மறுபடி மணல் நழுவியது. இந்த முறை சிரிப்பு வரவில்லை.

"தெரியும்."

"நல்லா இருக்கானா?"

தெய்வநாயகம் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். சட்டென்று பார்வையைத் திருப்பினார்.

"அது என்ன தாயே, அங்கே வெள்ளையாய், உயரமாய்?"

"அதுவா? லைட் அவுஸு. வாங்க சாமி, காட்டுதேன்."

மீனைப் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். கலங்கரை விளக்கத்தைக் காட்டினாள். குவித்துப் போட்டிருந்த சங்குகளைக் காட்டினாள். ஒரு சங்கை எடுத்து அவர் காதில் வைத்தாள்.

"கேக்குதா சாமி?" என்றவள் அதே மூச்சில், "இன்னமும் குப்புறப் படுத்துத்தான் உறங்குதானா?" என்றாள்.

"அந்தப் படகை ஏன் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள்?"

அதற்குப் பதில் சொன்னாள். பிறகு, "மீனு இல்லாம அவனுக்குச் சோறு எறங்காதே. என்னத்தத்தான் திங்கான்?"

"அந்தப் பறவைக்குப் பெயர் என்ன?"

அதையும் சொன்னாள். "என்னையப் பத்தி ஏதாச்சும் பேசுவானா சாமி?"

தெய்வநாயகம் தூரத்தில் தெரிந்த ஒரு பாறையைக் கைநீட்டிக் காட்டினார்.

மத்தியானம் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய், மீன் வாசனை படாத புதுச் சட்டியில் சோறு பொங்கிப் போட்டாள். "நீங்க வந்தது அவனே வந்த மாதிரி இருக்கு" என்றாள். அவருக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் கொடுத்தாள். சாப்பிட்டதும் தெருக்கோடிக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்றார். அதையும் காட்டினாள்.

வெயில் சாய்ந்தது. அந்த ஊரில் பார்ப்பதற்கு இனி எதுவும் இல்லை.

வீட்டு வாசலில் வைத்துச் சொன்னார். "தாயே, இசக்கி இல்லை. காய்ச்சலில் போய்விட்டான்."

அவள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

"அப்போ காலையிலயே ஒமக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் ஓங்கி அவர் கன்னத்தில் அறைந்தாள். பிறகு அப்படியே வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தாள். சத்தம் கேட்டுத் தெருப்பெண்கள் ஓடிவந்தார்கள். அழுகைக்கு நடுவே தெய்வநாயகத்துக்கு நிற்க இடம் இல்லை. ஒதுங்கிப்போய் எதிர்ச்சுவரில் சாய்ந்தார்.

விடிந்ததும் அவர் கிளம்பினார். பின்னாலேயே அவள் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. வாழையிலைப் பொட்டலம் ஒன்றை அவர் கையில் வைத்தாள்.

"பஸ்ல பசிக்கும்" என்றாள்.

சிவகாமி அம்மை இசக்கியின் சமாதி மேட்டில் துளசி நட்டுக்கொண்டிருந்தார். தெய்வநாயகம் பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் நடந்தது அத்தனையும் சொன்னார்.

"எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை அம்மா. அடித்த கையாலேயே சோறும் கட்டிக் கொடுத்தாள். என்னை மன்னித்தாளா, மன்னிக்கவில்லையா? அந்த ஒரு பகலை நான் அவளுக்குக் கொடுத்தேனா, அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டேனா? கடலைப் பார்க்காமல் நேராக வீட்டுக்குப் போயிருந்தால் நான் செய்தது சரியாகியிருக்குமா?"

அம்மை துளசியின் வேரைச் சுற்றி மண்ணை அழுத்தினார்.

"இசக்கி குப்புறப் படுத்துத்தான் தூங்குவானா?"

தெய்வநாயகம் திகைத்தார்.

"ஆமாம் அம்மா. ஒரு கையைத் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு தூங்குவான். கூப்பிட்டால் எழுந்திருக்கவே மாட்டான்."

"சாப்பாடு?"

"முதலில் சோற்றை வெறுமனே அளைந்துகொண்டிருப்பான். அப்புறம் நானே அவனுக்குப் புளித்துவையல் அரைத்துக் கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிடுவான்."

"தாயாரைப் பற்றிப் பேசுவானா?"

"பேசாத நாள் உண்டா? அடுப்படியில் என்னோடு உட்கார்ந்தால் அவள் பேச்சுத்தான். அவள் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவான். காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட..." அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மை கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு அவரைப் பார்த்தார்.

"இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்கிறீர்கள்?"