சாம்பல் நிறச் சால்வை

தலைநகரின் ரயில் நிலையத்தில் குண்டு வெடித்தது. நாடு முழுவதும் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. இறந்தவர்களில் அரங்கண்ணலின் தங்கை வேணியும் ஒருத்தி.

அரங்கண்ணல் ஆற்றங்கரை மடத்தில் சீடராக இருந்தார். மனைவி இறந்தபின் துறவுக்கு வந்தவர். அவருடைய குரு சுடர்மதி என்ற பெண் துறவி, வயதில் அவரைவிட இளையவர்.

தங்கையின் காரியங்கள் முடிந்ததும் அவர் குருவிடம் வந்தார்.

"அம்மா, விடை கொடுங்கள். நான் மலைக்குப் போகிறேன்."

"எந்த மலைக்கு?"

"மனித முகமே தென்படாத ஏதாவது ஒரு மலைக்கு. இனி இவர்கள் நடுவே என்னால் இருக்க முடியாது."

சுடர்மதி அவர் கையிலிருந்த சாம்பல் நிறச் சால்வையைப் பார்த்தார்.

"அது உங்களுடையதா?"

"இல்லை. வேணியின் உடலைப் போர்த்தியிருந்தது. யாருடையதோ."

"உரியவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்."

அரங்கண்ணலுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கிளம்பினார்.

ரயில் நிலையத்தின் ஒரு பக்கச் சுவர் இன்னும் கரி படிந்தே இருந்தது. வாசலில் நின்ற போர்ட்டரிடம் சால்வையைக் காட்டினார்.

"என்னுது இல்லீங்க சாமி. நான் தலைத்துண்டைக் கிழிச்சு ஒருத்தர் காலுக்குக் கட்டுனேன். அவ்வளவுதான் இருந்துச்சு."

டிக்கெட் பரிசோதகர் சால்வையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது இல்ல. நான் கோட்டைக் கழற்றி ஒரு குழந்தைக்குப் போட்டேன். திருப்பிக் கேட்கத் தோணல."

இட்லி விற்கும் பெண், தான் கொடுத்தது பச்சைச் சேலை என்றாள். வீட்டில் அவளுக்கு வேறு நல்ல சேலை இல்லை என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். "அதை ஏன் இப்பச் சொல்ற?" என்று இட்லிக்காரி அதட்டினாள்.

நாள் முழுதும் கேட்டும் யாரும் சால்வை தன்னுடையது என்று சொல்லவில்லை. கடைசியாகப் புத்தகக் கடைக்காரரிடம் போய், இறந்துபோன தன் தங்கைமேல் கிடந்த சால்வை என்று காட்டினார்.

"நீலச் சுடிதார் போட்ட பொண்ணா?" என்று கேட்டார் அவர்.

அரங்கண்ணல் தலையசைத்தார்.

"ஒரு அம்மா மடியில வச்சிருந்தாங்க. உசுரு இருந்தவரைக்கும் அந்தப் பொண்ணுகிட்டப் பேசிக்கிட்டே இருந்தாங்க. போனதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் பேசுனாங்க. அப்புறம்தான் யாரோ சால்வை போட்டாங்க."

"அந்த அம்மா யார்?"

"தெரியலைங்களே. வெளியூர்க்காரங்க. அவங்க போக வேண்டிய வண்டி அடுத்த பிளாட்பாரத்துல நின்னுச்சு. கூட வந்தவரு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. அவங்க எழுந்திருக்கல. வண்டி போயிருச்சு."

அரங்கண்ணல் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். தங்கை தனியாகச் செத்திருப்பாள் என்றே அதுவரை நினைத்திருந்தார். வெடித்த நாளிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. கடைக்காரர் ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போனார்.

மடத்துக்குத் திரும்பியபோது சால்வை அவர் கையிலேயே இருந்தது.

"கொடுக்கவில்லையா?" என்று கேட்டார் சுடர்மதி.

"யார் என்று தெரியவில்லை, அம்மா. கேட்ட இடத்தில் எல்லாம் ஆளுக்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள்."

"குண்டு வைத்தவர்கள் யார் என்று தெரிந்ததா?"

"தெரிந்துவிட்டது. மூன்று பேர். உடனே பிடித்துவிட்டார்கள்."

"சால்வை போர்த்தியவரை மட்டும் ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை?"

"அவ்வளவு பெரிய கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?"

"அந்த மூவரைக் கண்டுபிடித்ததும் அதே கூட்டத்தில்தானே? கொடுத்தவர்களை எண்ண முடிந்ததா?" என்றார் சுடர்மதி.

அரங்கண்ணல் சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு மடத்துக்குள் போனார்.